விட்டகன்ற வீட்டின் முகவரி

கலைப்பீடத்தில் தமிழும் தருக்கமும் கற்கும் ஒருத்தி கணனியின் உட்கருவைப் பற்றி எழுதப் புகுவது சற்று மிகையான துணிவுதான். இவ்விதழின் ஆசிரியர் குழுவினர் என்னிடம் கட்டுரை கேட்டபோது, நான் கற்பிட்டிக்காரி என்பதனால், ஒல்லாந்தர் கோட்டையைப் பற்றியோ தலவில் புனித அன்னம்மாள் திருவிழாவைப் பற்றியோ எழுதித் தருவேனென்றே எதிர்பார்த்திருப்பர். அவற்றைப் பற்றி எழுதத் தக்கவர் பலருளர். பல்கலைக்கழக அனுமதிக்குக் காத்திருந்த காலத்தில் என் பொழுதையெல்லாம் விழுங்கிய ஒரு சிறு வழுவைப் பற்றியும், அதில் நான் இழைத்த தவறொன்றைப் பற்றியும் எழுத என்னை விட்டால் வேறு ஆளில்லை. ஆகையால் வாசகர் பொறுத்தருள்க.

2022ஆம் ஆண்டு மார்ச் முதல் வாரத்தில் எங்களுக்கு உயர்தரப் பரீட்சை முடிந்தது. அம்மாத இறுதியில் நாட்டில் ஒரு நாளிற் பதின்மூன்று மணித்தியாலம் மின்சாரம் நிறுத்தப்பட்டது. நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் புகைபோக்கியை நாள்தோறும் பார்த்து வளர்ந்த எங்களுக்கு இஃது ஒரு விநோதமான அனுபவம். 900 மெகாவாட் வலுவை நாட்டுக்குத் தரும் நிலையம் எங்கள் குடாநாட்டின் அடியிலே நிற்க, நாங்கள் மெழுகுவர்த்தியைத் தேடிக்கொண்டிருந்தோம். படிக்க ஒன்றுமில்லை, போக்குவரத்துக்கு எரிபொருளில்லை. நானாவுக்கும் எனக்கும் மிஞ்சியிருந்தது மாமாவின் கடையும் அங்கிருந்த பழைய மடிக்கணனியுமே.

மாமாவின் கடை இறங்குதுறைக்கு அண்மையிலுள்ளது. வெளியிணைப்பு இயந்திரம், வானொலித் தொடர்பாடற் பெட்டி, மீன்காட்டும் கருவி, ஜி.பி.எஸ். என்று கடலுக்குப் போகும் எதுவும் பழுதடைந்தால் அவரிடமே வரும். ஜி.பி.எஸ். கருவியில் படகுக்காரர் தமது மீன்பிடித் தலங்களைப் புள்ளிகளாகப் பதிந்து வைத்திருப்பர். கருவியைத் திறப்பதற்கு முன்னர் அப்புள்ளிகளைக் கணனிக்கு மாற்றிக்கொள்வது மாமாவின் வழக்கம். ஏனெனில் பல பழைய கருவிகளில் உள்ளிருக்கும் சிறு மின்கலத்தைக் கழற்றியவுடன் நினைவகம் வெறுமையாகிவிடும். மாற்றுவதற்கு ஒரு வடம் இருந்தது. ஒரு முனை யூ.எஸ்.பி., மறு முனை கருவிக்குரிய பழைய தொடர்முனை. மடிக்கணனியில் நானா லினக்ஸை நிறுவியிருந்தார், அவ்வளவு பழைய இயந்திரத்தில் வேறெதுவும் ஓடாதென்பதே காரணம். வடத்துக்குரிய இயக்கி நிரலை அதனைச் செய்த நிறுவனமே மூலநிரலாக ஓர் இறுவட்டில் தந்திருந்தது. அந்நிறுவனத்தின் பெயர் இங்கே வேண்டியதில்லை.

சிக்கல் இதுதான். வடத்தைச் செருகும்போது ஒன்றும் நேராது. தரவு வரும்போதும் ஒன்றும் நேராது. பிடுங்கினால், பெரும்பாலும் ஒன்றும் நேராது. சில வேளை பத்து நிமிடத்துக்குப் பின்னர், மாமா கணக்கெழுதிக் கொண்டிருக்கும்போதோ பாட்டுக் கேட்டுக் கொண்டிருக்கும்போதோ, திரை உறைந்துவிடும். "இதுக்குள்ள ஜின்னு ஒண்டு குடியிருக்குது" என்பது மாமாவின் முடிபு. காரணமும் காரியமும் இவ்வளவு தூரம் விலகி நின்றால் மனிதர் ஜின்னைத் தேடுவதில் வியப்பொன்றுமில்லை. தருக்கம் கற்கவிருந்த எனக்கு அப்போதே அதில் ஓர் ஈர்ப்பு உண்டாயிற்று.

கேர்ணல் என்பது கணனியின் கரு. வன்பொருளுக்கும் ஏனைய நிரல்களுக்கும் நடுவே நின்று யாருக்கு எவ்வளவு நினைவகம், யாருக்கு எப்போது மூளையின் முறை என்று பங்கிடும் நிரல் அது. 1991இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கிய லினக்ஸ் கேர்ணல் இன்று ஏறத்தாழ மூன்று கோடி வரிகளைத் தாண்டிவிட்டது. அவற்றிற் பாதிக்கு மேற்பட்டவை இயக்கிகள். அதாவது உலகிலுள்ள எண்ணற்ற சாதனங்களுள் ஒவ்வொன்றோடும் எவ்வாறு பேசவேண்டுமென்று கருவுக்குச் சொல்லிக்கொடுக்கும் பகுதிகள். எங்கள் வடத்தின் இயக்கி அம்மூன்று கோடியிற் சேராத ஒரு வெளியாள். ஏறக்குறைய ஆயிரத்து நூறு வரி. ஆயினும் ஏற்றப்பட்டபின் அது கருவின் உள்ளேயே, கருவுக்குரிய முழு அதிகாரத்தோடும் இயங்கும். சாதாரண நிரல் தவறு செய்தால் அந்நிரல் சாகும். இயக்கி தவறு செய்தால் வீடு முழுவதும் இடியும்.

இவையெல்லாம் 'சி' என்னும் மொழியில் எழுதப்பட்டவை. 1970களின் முற்பகுதியில் பெல் ஆய்வுகூடத்தில் டெனிஸ் ரிச்சி ஆக்கிய மொழி. அதில் நினைவகத்தை எழுதுபவரே கேட்டுப் பெறவேண்டும், தேவை முடிந்ததும் எழுதுபவரே திருப்பிக் கொடுக்கவேண்டும். திருப்பிக் கொடுத்தபின் அதைத் தொடாதே என்று மொழி தடுக்காது. சாதனம் செருகப்படும்போது கேர்ணல் இயக்கியின் 'புரோப்' என்னும் செயற்கூறை அழைக்கும். அது தனக்கு வேண்டிய இடத்தைப் பெற்று, டைமர்களை வைத்து, வாசலைத் திறக்கும். பிடுங்கப்படும்போது 'டிஸ்கனெக்ட்' அழைக்கப்படும். அது வாசலை மூடி, டைமர்களை நிறுத்தி, இடத்தைத் திருப்பிக் கொடுக்கவேண்டும். செருகுவது ஒரு கல்யாண வீடு. யாவரும் கவனமாக எழுதுவர், ஏனெனில் அது பிழைத்தால் சாதனமே வேலை செய்யாது. பிடுங்குவதை யார் சோதிக்கிறார்? அதைவிட முக்கியமானது, பிடுங்குதலை மறுக்க முடியாது. "இப்போது வசதியில்லை, பிறகு வாருங்கள்" என்று சொல்ல இயக்கிக்கு உரிமையில்லை. வடம் ஏற்கனவே மாமாவின் கையில் இருக்கிறது.

சுட்டி என்றால் என்ன, விடுவித்த நினைவகம் என்றால் என்ன என்று நான் விளங்காமல் விழித்தபோது நானா திண்ணையிற் படுத்திருந்த உம்மும்மாவைக் காட்டினார். "உம்மும்மாட மன்னார் முகவரிய நினைச்சுப் பாரு தங்கச்சி" என்றார்.

இவ்விடத்திற் சிறிது விலகிச் செல்லவேண்டியுள்ளது. எங்கள் குடும்பம் கற்பிட்டியின் பூர்வீகக் குடியன்று. 1990 ஒக்டோபர் இறுதியில் வட மாகாணத்து முஸ்லிம்கள் யாவரும் விடுதலைப் புலிகளின் கட்டளையால் வெளியேற்றப்பட்டனர்; ஏறத்தாழ 75,000 பேர். யாழ்ப்பாணத்தார்க்கு இரண்டு மணி நேரமே கிடைத்தது. மன்னார்த் தீவிலிருந்து வெளியேறியவருட் பலர் வள்ளங்களிற் கற்பிட்டிக் கரையில் வந்திறங்கினர். என் உம்மாவும் அவருடைய கைக்குழந்தைத் தம்பியும் உம்மும்மாவின் இரு கைகளிலும் இருந்தனர். அத்தம்பியே இன்று கடை வைத்திருக்கும் மாமா. மூத்த மாமா அப்போது சவூதியில். வீடு போன செய்தி அவருக்குத் தெரியாது. அவர் இரண்டு மாதம் பழைய முகவரிக்கே கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். ஒரு கடிதத்துக்குள் பணமும் இருந்ததாம். யுத்தம் முடிந்து 2010இல் உம்மும்மா அவ்வீட்டைப் பார்க்கச் சென்றபோது, வேறோரிடத்திலிருந்து இடம்பெயர்ந்த இன்னொரு குடும்பம் அங்கே இருந்தது. அவர்கள் தேநீர் கொடுத்தார்கள். இரு பக்கத்தாரும் அழுதார்கள் என்று உம்மா சொல்வார். உம்மும்மா அதைச் சொல்வதில்லை.

முகவரி மாறவில்லை. தெருவும் மாறவில்லை. எழுதியவர் பிழை செய்யவில்லை, புதிதாகக் குடிவந்தவரும் பிழை செய்யவில்லை. ஆனால் கடிதம் வேறொருவர் கையிற் சேர்ந்தது. கணனியில் நடப்பதும் இதுவே. தமிழில் முகவரி என்னும் ஒரே சொல் இரண்டுக்கும் வழங்குவது எனக்கு அன்று மிக உதவிற்று. இயக்கி தன் இடத்தைத் திருப்பிக் கொடுத்தவுடன் கேர்ணல் அதனை வேறொருவருக்கு, மாமாவின் பாட்டு நிரலுக்காகவோ கோப்பொன்றின் பெயருக்காகவோ, வழங்கிவிடும். ஆனால் பழைய முகவரியை வைத்திருக்கும் டைமர் ஒன்று எங்கோ உயிரோடிருந்தால், அது தன் நேரம் வந்ததும் அங்கே போய் எழுதும். சேதமடைவது குற்றமற்ற மூன்றாமவர். திரை உறைவது பத்து நிமிடத்துக்குப் பின்னர். ஜின் இவ்வாறு பிறக்கிறது.

கேட்டுக்கொண்டிருந்த உம்மும்மா கண் திறவாமலே ஒன்று சொன்னார்: "கடிதக்காரனுக்கிட்டச் சொல்லிப்போட்டு வர எங்களுக்கு எங்க நேரம் தந்தாங்க?"

நானா சற்று நேரம் பேசவில்லை. பின்னர், "சரியான கேள்வி அதுதான்" என்றார். பிடுங்குதல் திடீரென நேரும். ஆயினும் கணனிக்குள் நாம் விரும்பினால் அந்த நேரத்தை எடுத்துக்கொள்ளலாம். வடம் போய்விட்டதென்பதற்காக இடத்தையும் அந்தக் கணமே கொடுக்கவேண்டுமென்பதில்லை. முகவரி வைத்திருக்கும் ஒவ்வொருவருக்கும் சொல்லி முடியும்வரை வெறுவீட்டைப் பூட்டி வைத்திருக்கலாம். இயக்கி எழுதுபவரின் கடமை முழுவதும் அதற்குள் அடங்கும்.

நான் தமிழ் மாணவியாதலின் எனக்கு இதில் வேறோர் இன்பமும் கிடைத்தது. கணனிப் பிழைக்கு 'வழு' என்னும் இலக்கணச் சொல்லை யார் முதலிற் பொருத்தினாரோ, அவர் நன்றே செய்தார். திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என்று வழு எழுவகைப்படுமென நாம் கற்கிறோம். எண்ணை எழுத்தாகக் கொண்டு மயங்கினால் அது திணைவழு. எங்கள் வழு காலவழு. 'நேற்று வருவான்' என்னும் தொடரில் ஒவ்வொரு சொல்லும் தனியே நல்ல சொல்லே. குற்றம் அவை சேர்ந்த காலத்தில். ஆயிரத்து நூறு வரிகளையும் வரி வரியாகப் படித்தால் குற்றமொன்றும் புலப்படாது. எது எதற்கு முன், எது எதற்குப் பின், எது எதனோடு ஒரே கணத்தில் என்று படித்தாலன்றி அது அகப்படாது. நானா எனக்குக் கற்பித்த வாசிப்புமுறை அதுவே. 'டிஸ்கனெக்ட்' செயற்கூறில் இடம் விடுவிக்கப்படும் வரியில் விரலை வைத்துக்கொள். பின்னர் நிரல் முழுவதையும் பின்னோக்கிப் படித்து, இவ்விடத்தின் முகவரியை யார் யார் குறித்து வைத்துக்கொண்டார் என்று பார். டைமரா, பணிவரிசையிற் போடப்பட்ட பணியா, சாதனத்திலிருந்து வரவேண்டிய தரவுக்கான விண்ணப்பமா, வாசலைத் திறந்துவைத்திருக்கும் வெளி நிரலா? ஒவ்வொருவனையும், 'நீ போய்விட்டாயா, மீண்டும் வரமாட்டாயா' என்று கேள்.

இக்கேள்வி இரண்டு கேள்வி என்பதை நான் அப்போது கவனிக்கவில்லை.

அந்த நிரலில் இருவர் இருந்தனர். ஒரு டைமர், அரை விநாடிக்கொரு முறை எழுந்து, 'வடத்தின் நிலையைப் பார்' என்று ஒரு பணியை வரிசையிற் போடும். டைமர் உறங்கக் கூடாத சூழலில் இயங்குவதாதலின் மெதுவான வேலையைத் தானே செய்யாது, பணியிடம் ஒப்படைக்கும். பணி எழுந்து நிலையைப் பார்க்கும். நிறுவனத்தார் எழுதிய 'டிஸ்கனெக்ட்' இவ்விருவரையும் நினைக்கவேயில்லை. நேராக இடத்தை விடுவித்தது. நாங்கள் அதை ஏப்ரல் மாதத்து இரவொன்றில் மடிக்கணனியின் திரை வெளிச்சத்திற் கண்டுபிடித்தோம். மின்கலம் நாற்பது நிமிடமே தாங்கும், ஆகவே பெரும்பகுதியைப் பகலில் நான் கொப்பியிற் கையால் எழுதி வைத்திருந்தேன். நிரலைக் கையால் எழுதுவதைப் போன்ற நல்ல வாசிப்பு வேறில்லையென்பது என் துணிபு.

நானா மூன்று வரிகளைச் சேர்த்தார். முதலில் டைமரை நிறுத்து; அது ஓடிக்கொண்டிருந்தால் முடியும்வரை காத்திரு. பின்னர் பணியை நீக்கு. அது ஓடிக்கொண்டிருந்தால் முடியும்வரை காத்திரு. அதன் பின்னரே இடத்தை விடுவி. "நீ ஒருக்காப் பாரு" என்று என்னிடம் தந்தார். கேர்ணல் எழுதுவோரிடையே ஒரு வழக்கமுண்டு. திருத்தமொன்றை எழுதியவரல்லாத வேறொருவர் அதனைப் பார்த்து, 'பார்த்தேன்' என்று தம் பெயரிட்டு உறுதி செய்யவேண்டும். அது மரியாதைக்கு இடும் கையொப்பமன்று. பிழை வெளிப்பட்டால் அதில் அவர்க்கும் பங்குண்டு. விளையாட்டாக நானும் அவ்வாறே கொப்பியில் எழுதிக் கையொப்பமிட்டேன். பார்த்தேன், சரி. அன்றைக்கு எனக்கு இருந்த பெருமையைச் சொல்ல இப்போது வெட்கமாக இருக்கிறது.

வடத்தை ஐம்பது முறை பிடுங்கினோம். உறையவில்லை. மாமா ஜின்னைத் துரத்திய கூலியாக எங்களுக்கு இறால் கொடுத்தார்.

ஆகஸ்டு மாதம் மண்ணெண்ணெய் ஒரு லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஒரே இரவில் உயர்ந்தது. எங்கள் கரையின் சிறு படகுகளின் வெளியிணைப்பு இயந்திரங்கள் மண்ணெண்ணெயில் ஓடுபவை. அதற்கு முந்திய மாதங்களில் எண்ணெயே இல்லை; வந்தபோது விலை நான்கு மடங்கு. கடலில் தேடித் திரிந்து மீன்பிடிக்கும் காலம் முடிந்தது. போகுமிடத்தை அறிந்து நேரே போய்த் திரும்புபவனே பிழைப்பான். அவ்வாறான ஒரு வாரத்திலேதான் அறுபது வயது மதிக்கத்தக்க படகுக்காரர் ஒருவர் தமது ஜி.பி.எஸ். கருவியை மாமாவிடம் கொண்டு வந்தார். பார் ரீப் என்னும் பவளப்பாறைத் தொடருக்கு அப்பால், பாறை விளிம்புகளும் மூழ்கிய கலமொன்றும் வலை சிக்கும் இடங்களுமாகப் பதினான்கு வருடத்திற் சேர்த்த புள்ளிகள் அதில் இருந்தன.

மாமா வடத்தைச் செருகினார். புள்ளிகள் கணனிக்கு வந்தன. திரையில் அவற்றைப் பார்த்தார். பிடுங்கினார். கருவியைத் திறந்து மின்கலத்தைக் கழற்றினார். திரும்பிப் பார்த்தபோதும் திரையில் புள்ளிகள் இருந்தன. ஆனால் சுட்டி நகரவில்லை. வந்த புள்ளிகள் கோப்பாக வட்டில் எழுதப்படு முன்னரே கணனி உறைந்திருந்தது. இருபது நிமிடம் மாமா அதனை அணைக்காமல் வைத்திருந்து எங்களுக்குத் தொலைபேசினார். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மின்வெட்டு நேரம். நாற்பது நிமிடம் தாங்கும் மின்கலம் அன்று அவ்வளவும் தாங்கவில்லை. நான் ஓடிப்போய்த் திரையிலிருந்து ஏழு புள்ளிகளை எழுதிக்கொண்டேன். எட்டாவதை எழுதும்போது இருண்டுவிட்டது. மொத்தம் அறுபத்து மூன்று.

படகுக்காரர் சத்தமிடவில்லை. "சரி மகள், கடல் இருக்குது தானே" என்றார். அவர் சத்தமிட்டிருக்கலாம்.

மறுநாள் தொடங்கி நானாவும் நானும் அந்த மூன்று வரிகளையே பார்த்துக்கொண்டிருந்தோம். பிழை தெரியவில்லை. பிடுங்கினால் உறைவதுமில்லை. இருநூறு முறை பிடுங்கினோம். ஈற்றில் நானா கேசன் என்னும் கருவியைச் சேர்த்துக் கேர்ணலை மறுபடி கட்டுவதென்று முடிவு செய்தார். 2015 முதல் லினக்ஸில் உள்ள இக்கருவி, நினைவகத்தின் ஒவ்வோர் எட்டு பைற்றுக்கும் ஒரு பைற்று நிழல் வைத்து, இது குடியுள்ள வீடா வெறுவீடா என்று குறித்துக்கொள்ளும். விடுவித்த இடத்தை உடனே மற்றவர்க்குக் கொடாமற் சிறிது காலம் ஒதுக்கி வைத்து, யாரேனும் பழைய முகவரியோடு வருகிறாரா என்று பார்த்திருக்கும். அந்தப் பழைய இயந்திரத்திற் கட்டி முடிக்க ஏழெட்டு மணித்தியாலம் தேவை. எங்கள் பகுதிக்கு மின்சாரம் விட்டுவிட்டு வந்தது. நான்கு நாளாயிற்று.

அதன் பின்னரும் அகப்படவில்லை. வழு ஒளிந்திருக்கும் இடைவெளி விநாடியின் மிகச் சிறு கூறாக இருந்தால் காவலன் இருந்தும் பயனில்லை. அப்போது நானா ஒரு தந்திரம் செய்தார். பணிக்குள்ளே, நிலையைப் பார்க்கும் வரிக்கு முன்னால், வேண்டுமென்றே இரண்டு விநாடி உறங்கும்படி ஒரு வரியை இட்டார். இடைவெளி வாசலளவு விரிந்தது. முதல் தடவையிலேயே திரையில் அறிக்கை கொட்டிற்று. அவ்வறிக்கை மூன்று பகுதியாக வரும்: விடுத்தபின் தொட்டவன் யார், முதலிற் பெற்றவன் யார், விடுத்தவன் யார். நீதிமன்றத்து மூன்று சாட்சிகளைப் போல. விடுத்தவர் நாங்கள். தொட்டவன் டைமர்.

டைமரை முதல் வரியிலேயே நிறுத்தினோமே!

நான் என் கொப்பியைத் திறந்தேன். பணியின் கடைசி வரி, நான் ஏப்ரலில் என் கையால் எழுதியது, பக்கத்தின் அடியில் இருந்தது: 'டைமரை மீண்டும் அரை விநாடிக்கு வை.' டைமர் பணியை எழுப்புகிறது. பணி டைமரை வைக்கிறது. ஒன்றையொன்று உயிர்ப்பிக்கும் இருவர். நாங்கள் டைமரை நிறுத்திய அதே கணத்திற் பணி நடுவில் ஓடிக்கொண்டிருந்தால், அது முடியும் முன் டைமரை மறுபடி வைத்துவிடும். பின்னர் நாங்கள் பணி முடியும்வரை மிக ஒழுங்காகக் காத்திருந்து, இடத்தை விடுவிப்போம். அரை விநாடிக்குப் பின் டைமர் வெறுவீட்டில் விழிக்கும். வரிசையை மாற்றி, பணியை முதலிலும் டைமரைப் பின்னும் நிறுத்தினால் சரியாகுமா? ஆகாது, நடுவில் டைமர் எழுந்து பணியைப் போடும். எந்த வரிசையிலும் ஆகாது. 'நீ போய்விட்டாயா' என்று கேட்டோம், ஆம் என்றான். 'மீண்டும் வரமாட்டாயா' என்று கேட்கவில்லை. என் கையெழுத்திலுள்ள வரியை நான் வாசிக்காமல் 'பார்த்தேன்' என்று எழுதியிருக்கிறேன்.

திருத்தம் எளியது. 'வீடு காலியாகிறது' என்னும் ஒரு கொடியை முதலில் உயர்த்த வேண்டும்; டைமரை வைக்கும் முன் பணி அக்கொடியைப் பார்க்கவேண்டும். பார்ப்பதும் வைப்பதும் பிரியாதபடி ஒரு பூட்டு. நாங்கள் அவ்வாறே செய்தோம். எங்களைப் போன்றோர் உலகெங்கும் இதிற் தடுக்கி விழுந்திருக்கவேண்டும். ஏனெனில் 2023 பெப்ரவரியில் வெளியான 6.2ஆம் பதிப்பில், டைமரை நிறுத்துவதோடு இனி எவராலும் வைக்கமுடியாதபடி முடக்கிவிடும் புதிய செயற்கூறொன்று கேர்ணலிற் சேர்க்கப்பட்டது. அதன் விளக்கக் குறிப்பிலே டைமரும் பணியும் ஒன்றையொன்று எழுப்பும் இதே நிலைமையே உதாரணமாகத் தரப்பட்டிருப்பதைப் பார்த்தபோது எனக்குச் சிறிது ஆறுதலாயிருந்தது.

பின்னர் இத்துறையை மேலும் வாசித்தேன். உம்மும்மாவின் கேள்விக்குப் பலர் பல விடை கண்டுள்ளனர். முகவரி வைத்திருப்போரை எண்ணிக்கொண்டு, கடைசி ஆளும் கைவிட்டபின்னரே இடத்தை விடுவிக்கும் எண்ணிக்கைமுறை ஒன்று. நம் அண்டை நாட்டுத் தீபாங்கர் சர்மா, போல் மக்கென்னியோடு சேர்ந்து உழைத்து, 2002இல் லினக்ஸிற் சேர்ப்பித்த ஆர்.சி.யு. என்னும் முறை இன்னொன்று. பழையதைப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டு, அப்போது வாசித்துக்கொண்டிருந்தவர் யாவரும் வாசித்து முடிக்கும்வரை பொறுத்து, பின்னரே விடுவிப்பது. அதனை முதன்முதல் விளங்கிக்கொண்ட இரவில் எனக்கு நித்திரை வரவில்லை. 2022 டிசம்பரில் கேர்ணலுக்குள் அனுமதி பெற்ற ரஸ்ட் மொழியோ, காலவழுக்களுட் பலவற்றை நிரல் ஓடுமுன்னரே இலக்கணப் பிழையாகக் காட்டி மறுத்துவிடும். இது மிக நல்லதுதான். ஆனால் மூன்று கோடி வரியும் ஒரு நாளில் மாறப்போவதில்லை. அதுவரை யாரேனும் வாசிக்கவேண்டும்.

இவ்வகை வழு திரை உறைவதோடு நிற்பதுமில்லை. 2017இல் அந்திரே கொனொவாலொவ் என்னும் ஆய்வாளர் சிஸ்காலர் என்னும் கருவியைக் கொண்டு லினக்ஸின் யூ.எஸ்.பி. இயக்கிகளிற் பெருந்தொகையான வழுக்களை வெளிக்கொணர்ந்தார். விடுத்தபின் தொடுதல் அவற்றுட் பலவற்றின் இயல்பு. வெறுவீட்டுக்கு வரும் கடிதத்தை எதிர்பார்த்து அங்கே வேண்டுமென்றே குடியேறுபவனும் உண்டு. பூட்டிய கணனியிற் பொய்ச் சாதனமொன்றைச் செருகிப் பிடுங்கியே அதன் உள்ளே நுழைய அத்தகையவன் முயலக்கூடும்.

வடம் செய்த நிறுவனத்துக்குத் திருத்தத்தை அனுப்பினோம், விடை வரவில்லை. நானா இப்போது பொதுக் கேர்ணலிலுள்ள இயக்கிகளை வாசிக்கிறார். ஒவ்வொன்றிலும் 'டிஸ்கனெக்ட்'டிலிருந்தே தொடங்குகிறார். விடுமுறையில் நான் போனால் எனக்கும் பங்கு கிடைக்கும். 'பார்த்தேன்' என்று எழுதுவதற்கு முன் நான் இப்போது எடுக்கும் நேரத்தைக் கண்டு அவர் சிலவேளை கொட்டாவி விடுகிறார்.

படகுக்காரரிடம் போன கதை மிஞ்சியுள்ளது. ஒக்டோபரில் நானாவும் நானும் அவர் வீட்டுக்குச் சென்று, நடந்தது ஜின்னன்று, எங்கள் மூன்று வரியென்று சொன்னோம். சொல்லாமல் விட்டிருக்கலாம், மாமா விடவேண்டாமென்றார். அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, ஜி.பி.எஸ். வருவதற்கு முன்பு கரையை வைத்து இடம் பிடித்த முறையைச் சொன்னார். இந்த மரமும் அந்தக் கோபுரமும் ஒரே நேரில் வரவேண்டும், அந்தப் பக்கம் கோட்டை மதில் தெரியவேண்டும். இரண்டு கோடும் வெட்டுமிடம் பாறை. சில மரங்கள் இப்போது இல்லை. நுரைச்சோலைப் புகைபோக்கி மரத்தைவிட நன்றாகத் தெரிகிறது என்றார், சற்றே விருப்பமில்லாத குரலில். அம்முறையால் அவ்வருட முடிவுக்குள் பத்தொன்பது புள்ளிகளை மீட்டார். என்னுடைய ஏழோடு இருபத்தாறு. எஞ்சியவற்றைத் தேட எண்ணெய்க்குக் காசில்லை.

அப்புள்ளிகள் கருவியிலும் கணனியிலும் இருப்பதோடு என் கொப்பியிலும் உள்ளன. சென்ற விடுமுறையில் அவர் மூன்று புதிய புள்ளிகளோடு கடைக்கு வந்தார். மாமா வடத்தைச் செருகினார். புள்ளிகள் வந்தன. நான் அவற்றை எழுதி முடிக்கும்வரை மாமா வடத்தின் முனையிற் கையை வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

"பிடுங்கட்டா?" என்று கேட்டார்.

"கொஞ்சம் பொறுங்க மாமா" என்றேன்.